உறுப்புக் கொடை, மருந்து ஆய்வு: செட்டிநாட்டில் இவற்றை எப்படிப் பேசுவது?

காரைக்குடியில் இயங்கும் சேவைச் சங்கம் ஒன்றின் சார்பில் நீங்கள் அனுப்பிய கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளாக உடலுறுப்புக் கொடை பற்றிக் கூட்டம் நடத்தியும் மண்டபம் நிறையக் கைதட்டல்தான் கிடைக்கிறது, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம், இதற்கு ஆய்வாளர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்பது முதற்பகுதி. நோயாளிகளைப் புதிய மருந்து ஆய்வுகளில் சேருமாறு ஊக்குவிக்கவும் இதே வழி உதவுமா என்பது இரண்டாவது. தேவகோட்டையில் பிறந்து, மதுரையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து, பின்னர் சுகாதாரத் தகவல் தொடர்பையே படிப்பாக எடுத்துக்கொண்டவள் நான். இரண்டுக்கும் தெரிந்தவரை விரிவாகப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய துண்டறிக்கை ஒரு கொடையாளரால் எட்டுப் பேர் வாழலாம் என்று தொடங்கி, எந்த உறுப்பை எத்தனை மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும் என்ற அட்டவணையோடு முடிகிறது. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு அந்தத் தகவல் கிடைக்காததால்தான் அவர் கையெழுத்துப் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு அது எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சூசன் மார்கன் என்னும் தகவல் தொடர்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து காட்டியது இந்த எண்ணத்தின் போதாமையைத்தான். உறுப்புக் கொடை நல்லது என்று ஒப்புக்கொள்பவர்களில் பெரும்பகுதியினர் பதிவு செய்வதில்லை. தடுப்பது அறியாமை மட்டும் என்றால் தகவல் கொடுத்ததும் தடை விலகியிருக்கும். விலகாமல் இருப்பதற்குக் காரணமாக அவர்கள் நான்கு உணர்வுகளை அடையாளம் கண்டார்கள். அவற்றுக்கு நம் ஊரில் புதிய கலைச்சொல் தேட வேண்டியதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் பழகிய ஒரு வாக்கியம் ஏற்கெனவே இருக்கிறது.

முதலாவது, பேசினாலே நடந்துவிடும் என்ற அச்சம். "அச்சானியமாப் பேசாதே", "வாய் முகூர்த்தம் பலிச்சிடும்" என்று வீட்டில் பேச்சு வெட்டப்படும் இடம் இதுதான். இரண்டாவது, இன்னொருவர் உடலில் தன் உறுப்பு இருப்பதை நினைக்கும்போது எழும் அருவருப்பு. மூன்றாவது, முழு உடம்போடு போக வேண்டும் என்ற விருப்பம். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்ற பேச்சு இதன் கிளை. நான்காவது, கையெழுத்துப் போட்டுவிட்டால் மருத்துவர் காப்பாற்ற மெனக்கெட மாட்டார் என்ற அவநம்பிக்கை. இவற்றில் எதையும் மண்டபத்தில் எழுந்து நின்று சொல்லமாட்டார்கள். எனவே பேச்சாளர் அதற்குப் பதில் சொல்வதும் இல்லை. கைதட்டியவர் அந்த நான்கையும் அப்படியே வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.

இவ்விடத்தில் நம் மேடைப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் கூட்டங்களில் சிபிச் சக்கரவர்த்தியும் கண்ணப்பரும் தவறாமல் வருகிறார்கள். கண்ணப்பர் கதையைக் கேட்டு இன்றும் என் கண் கலங்கும். ஆனாலும் அது ஒரு நாயனாரின் செயல். கேட்பவர் மனத்தில் 'இது பெரியவர்கள் செய்வது, நம்மால் ஆகுமா' என்ற இடைவெளியை அது விட்டுச் செல்கிறது. மார்கன் குழுவினர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, தொலைக்காட்சித் தொடர்களில் உறுப்புக் கொடை இடம்பெற்ற அத்தியாயங்களைப் பார்த்தவர்களிடம் நடத்தப்பட்டது. கதையோடு உணர்வால் ஒன்றியவர்களிடமும், ஒரு பாத்திரம் தான் எப்படிக் கொடையாளராகப் பதிவு செய்தது என்பதையும் அதன் நன்மையையும் வெளிப்படையாகப் பேசிய அத்தியாயத்தைப் பார்த்தவர்களிடமும்தான் மாற்றம் தெரிந்தது. தவறான செய்திகளைக் காட்டிய அத்தியாயங்களிலிருந்தும் பார்வையாளர் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்பது அதன் கவலைக்குரிய மறுபக்கம். மயங்கிக் கிடப்பவரின் சிறுநீரகத்தைத் திருடும் மருத்துவர் வரும் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல. ஆகவே உங்கள் மேடைக்குத் தேவைப்படுபவர் கல்லூரி ஊழியராகவோ, செக்காலை வீதியில் கடை வைத்திருப்பவராகவோ இருக்கும் ஒரு சாதாரண மனிதர். தான் படிவம் நிரப்பிய நாளில் வீட்டில் என்ன சண்டை வந்தது, யார் அழுதார், எப்படிச் சமாதானமானது என்பதை அவர் பத்து நிமிடம் சொல்லட்டும். கண்ணப்பரால் கடக்க முடியாத தூரத்தை அவர் கடப்பார்.

2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்னும் இளைஞரின் இதயம் சென்னைச் சாலைகளில் போக்குவரத்தை நிறுத்தி எடுத்துச் செல்லப்பட்டதை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் நினைவில் நிற்பது அந்த வண்டியின் வேகம். அவருடைய பெற்றோர், மருத்துவர்களாகவே இருந்தும், தங்கள் மகன் இனி இல்லை என்று எப்படி ஏற்றார்கள், ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்ற பகுதிதான் மற்ற குடும்பங்களுக்குப் பயன்படும் பகுதி. அது ஊரில் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சட்டத்தை மாற்றி, மறுப்புத் தெரிவிக்காத எல்லோரையும் கொடையாளராகக் கொள்ளலாமே என்று உங்கள் செயலாளர் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம் என்பதால் இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. அங்கே 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, எழுத்துமூலம் விலகிக்கொள்ளாத குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கொடையாளர்களாகவே கருதப்படுகிறார்கள். 2003இல் ஜான்சன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, ஜெர்மனியில் 12 விழுக்காடாக இருந்த ஒப்புதல், மறுக்காதவர் எல்லோரும் கொடையாளர் என்று கொண்ட ஆஸ்திரியாவில் ஏறக்குறைய 100 விழுக்காடாக இருந்ததைக் காட்டியது. ஆனால் அது பதிவேட்டுக் கணக்கு. நடைமுறையில் நடப்பதை அறிய ஸ்பெயினைப் பார்க்க வேண்டும். அங்கே அத்தகைய சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. பத்தாண்டு கழித்து 1989இல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு தொடங்கியபோது பத்து லட்சம் பேருக்குச் சுமார் 14 கொடையாளர்கள்தான் இருந்தார்கள். மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரை அமர்த்தி, குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்பதை ஒரு துறையாகவே வளர்த்த பிறகுதான் அது 40ஐத் தாண்டியது. அந்த மாற்றத்தை முன்நின்று நடத்திய ரஃபேல் மத்தேசான்ஸ், வெற்றிக்குச் சட்டம் காரணம் அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அங்கே இன்றைக்கும் குடும்பத்திடம் கேட்காமல் எடுப்பதில்லை. இந்தியாவில் பத்து லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவைக்கூட நாம் எட்டவில்லை.

குடும்பம் என்ற இந்தச் சொல்லில்தான் நம் ஊருக்கான பதில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுதிமொழிப் படிவத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். படிவம் இருந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருக்கும் உறவினர் சம்மதிக்காமல் எதுவும் நடப்பதில்லை. சிமினாஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001இல் அமெரிக்க மருத்துவமனைகளில் இதைத்தான் கண்டார்கள். இறந்தவரின் விருப்பம் முன்பே தெரிந்திருந்த குடும்பங்களும், ஒருங்கிணைப்பாளரோடு நெடுநேரம் பேசி ஐயங்களைத் தீர்த்துக்கொண்ட குடும்பங்களும்தான் கூடுதலாக ஒப்புதல் தந்தன. மரணத்தைச் சொல்வதும் உறுப்பைக் கேட்பதும் ஒரே மூச்சில் நிகழக்கூடாது, இரண்டுக்கும் இடையில் குடும்பம் உண்மையை ஏற்க அவகாசம் வேண்டும் என்பதும் இந்தத் துறையில் பல ஆண்டுகளாகப் பேசப்படுவது.

இதை நான் புத்தகத்தில் படிக்குமுன் ஓர் அப்பத்தாவிடம் படித்தேன். நான் அப்போது பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கல்லல் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், விபத்தில் அடிபட்ட பேரன். மருத்துவர் மூளைச்சாவு என்று சொல்லிவிட்டு நகர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் நான் பேசத் தொடங்கிவிட்டேன். "உசுரு இருக்கா இல்லையான்னு முதல்ல சொல்லு தாயி, மத்ததப் பொறகு கேளு" என்றார் அவர். என்னிடம் அதற்குத் தெளிவான ஒரு வாக்கியம் இல்லை. அந்தக் குடும்பம் மறுத்துவிட்டது, அவர்கள் மறுத்தது சரி என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

அந்த ஒரு வாக்கியம் நம்மிடம் இன்னும் பொதுவழக்கில் இல்லை. 'மூளைச்சாவு' என்ற சொல், மூளை மட்டும் செத்துவிட்டது, ஆள் இருக்கிறார் என்ற பொருளைத் தருகிறது. நாளிதழ்களும் 'மூளைச்சாவு அடைந்தவர் நேற்று உயிரிழந்தார்' என்று எழுதி அதை உறுதிப்படுத்துகின்றன. வென்டிலேட்டரை 'உயிர்காக்கும் கருவி' என்று சொல்லிவிட்டு, உயிர் இல்லை என்று அடுத்த வரியில் சொன்னால் யார் நம்புவார்கள்? "அவர் இறந்துவிட்டார், மூச்சை இந்தக் கருவிதான் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் நெஞ்சு ஏறி இறங்குகிறது" என்று சொல்வதே நேர்மையானது. நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அதை உறுதி செய்கிறார்கள், அவர்களில் ஒருவரும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது என்பது சட்டம். நான்காவது அச்சத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. உங்கள் துண்டறிக்கையில் இது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது, முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கோமா வேறு, இது வேறு என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

2023 செப்டம்பர் 23 அன்று தமிழக முதலமைச்சர், உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அறிவித்தார். 2023இல் 178ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 2024இல் 268ஆக உயர்ந்தது. உயர்வு முழுவதையும் அந்த அறிவிப்பின் கணக்கில் எழுத முடியாது. எனினும் தகவல் தொடர்பு நோக்கில் அது செய்த காரியம் பெரிது. ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் ஐசியூவுக்குள் முடிந்த ஒரு முடிவு, கேதத்துக்கு வந்த அத்தனை பேரும் பார்க்கும் செயலாகிவிட்டது. 'நம்மைப் போன்றவர்களும் இதைச் செய்கிறார்கள்' என்ற எண்ணத்தை எந்தச் சுவரொட்டியாலும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியாது.

வாசகங்களைப் பொறுத்தவரை ஒரு சோதனை நினைவில் வைக்கத் தக்கது. பிரிட்டனில் 2013இல் அரசு இணையதளத்துக்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் எட்டு வகை வாசகங்களைக் காட்டிப் பார்த்தார்கள். உங்களுக்கு ஓர் உறுப்பு தேவைப்பட்டால் ஏற்றுக்கொள்வீர்களா, அப்படியானால் பிறருக்கும் உதவுங்கள் என்ற பொருள்பட்ட வாசகத்துக்கே அதிகப் பதிவு கிடைத்தது. சிரித்த முகங்கள் கொண்ட ஒரு கூட்டத்தின் புகைப்படம் சேர்த்த வாசகம், படமே இல்லாததைவிடக் குறைவாகப் பெற்றது. உங்கள் சுவரொட்டியில் இருக்கும் கைகோத்த குடும்பப் படத்தை நான் எடுத்துவிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வேறு ஊரில் கண்டது இங்கும் அப்படியே நடக்கும் என்று கொள்ளாமல், இரண்டு சுவரொட்டி அச்சிட்டு இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஒட்டி நீங்களே எண்ணிப் பார்ப்பது இன்னும் நல்லது.

இடத்தையும் மாற்றுங்கள். மண்டபத்தில் வந்து உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் இந்த முடிவின்மேல் செல்வாக்குள்ளவர்கள் மூத்த பெண்களான ஆச்சிமார். அவர்கள் பேசும் இடம் முகப்பு அல்ல, வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டு. மாலையில் ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடினால் போதும். அந்த நான்கு வாக்கியங்களையும் பேச்சாளரே முதலில் எடுத்துச் சொல்லட்டும். பிறர் சொல்லக் கூசுவதைத் தானே சொல்பவரிடம் மற்றவர் மனம் திறப்பார்கள். திருமணத்துக்கே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடும் நகரத்தார் வழக்கமும், கொடுத்தது வாங்கியது அனைத்தையும் ஏட்டில் பதியும் பழக்கமும் உள்ள மண் இது. மனத்தில் இருப்பதை எழுதி வைப்பது இங்கே அச்சானியம் ஆகாது என்று எடுத்துச் சொல்ல இதைவிட இயல்பான வாயில் கிடைக்காது. உடல் கைக்குக் கிடைக்கத் தாமதமாகும் என்ற கவலைக்கும் இங்கேயே விடை உண்டு. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மகன் வந்து சேரும்வரை காத்திருந்து பழகிய வீடுகள் இவை. ஒப்புதலுக்குப் பின் ஆகும் மருத்துவச் செலவு குடும்பத்தின் தலையில் விழாது என்பதைப் பண விஷயம் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அவர்களைக் காணொளி அழைப்பில் அதே உரையாடலுக்குள் கொண்டுவாருங்கள், ஏனென்றால் கடைசி நேரத்தில் தொலைபேசியில் 'வேண்டாம்' என்று சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் பேச்சில் இல்லாதவர்தான். கூட்டம் முடிந்ததும் படிவம் கையில் இருக்க வேண்டும், ஆதார் வழியாக இணையத்தில் பதிய உதவும் இளைஞர் ஒருவரும் அருகில் இருக்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளிய கையெழுத்து பெரும்பாலும் வருவதில்லை.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். மருந்து ஆய்வில் சேருமாறு மக்களை 'ஊக்குவிக்க' வேண்டும் என்ற சொல்லையே நான் தயக்கத்தோடு பார்க்கிறேன். உறுப்புக் கொடையில் கொடுப்பவர் இறந்துவிட்டார், அவருக்கு இனித் தீங்கில்லை. ஆய்வில் சேர்பவர் உயிரோடு இருக்கிறார், நோயோடு இருக்கிறார், மருத்துவரை நம்பி வந்திருக்கிறார். அந்த நம்பிக்கையே சிக்கல். 1982இல் அப்பல்பாம் என்பவரும் உடனாய்வாளர்களும் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்; ஆய்வைச் சிகிச்சை என்று நினைத்துக்கொள்ளும் மயக்கம் என்று தமிழில் சொல்லலாம். ஆய்வின் விதிப்படி தரப்படுவதை, டாக்டர் தனக்கென்று பார்த்துத் தேர்ந்தெடுத்த மருந்து என்று நோயாளி எண்ணிக்கொள்வது அது. அந்த மயக்கத்தைப் பயன்படுத்தி ஆள் சேர்ப்பது எளிது, அதனால்தான் அது தவறு.

தெளிவாகச் சொன்னால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயம் ஆய்வாளர்களிடம் உண்டு. பிரிட்டனில் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு நடந்த புரோடெக்ட் ஆய்வு அந்தப் பயம் வீண் என்று காட்டியது. ஆய்வில் சேருபவர் குறைவாக இருந்ததால், நோயாளியோடு நடந்த உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டார்கள். அறுவையும் கதிர்வீச்சும் இல்லாத மூன்றாவது பிரிவை மருத்துவர்கள் 'கவனித்துக் காத்திருத்தல்' என்று சொல்ல, நோயாளிகள் அதைச் சும்மா இருந்து சாவைப் பார்ப்பது என்று புரிந்துகொண்டிருந்தார்கள். பெயரை மாற்றி, முறையாகப் பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள் என்பதை விளக்கி, மூன்று பிரிவுகளையும் ஒரே தராசில் வைத்துச் சொன்ன பிறகு, நாற்பது விழுக்காட்டுக்கு மேல் போகாதிருந்த சம்மதம் ஓராண்டில் எழுபதுக்கு உயர்ந்தது. எவரையும் அவர்கள் வற்புறுத்தவில்லை.

யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி தற்செயலாகப் பிரிக்கிறது என்பதை விளக்குவதுதான் மிகக் கடினம். ஜேனிஸ் கிரீகர் என்ற ஆய்வாளர், நாணயம் சுண்டுவது என்ற வழக்கமான உவமைக்கு மாற்றாக, பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பது நம் கையில் இல்லாததுபோல என்ற உவமையை அமெரிக்கக் கிராமப்புறப் பெண்களிடம் வைத்துப் பார்த்தார். அது அங்கே அவர்கள் வாழ்விலிருந்து எடுத்த உவமை. நம் ஊரில் அதைச் சொன்னால், கேட்பவர் மனம் எந்தக் குழந்தை நல்லது என்ற பழைய புண்ணுக்குப் போய்விடும். திருவுளச்சீட்டு என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்போது கடவுளே எனக்கு இந்த மருந்தைக் காட்டிவிட்டார் என்று ஒருவர் கைகூப்பினார். குலுக்குச் சீட்டு என்றால் ஒருவருக்கு விழுந்தது, மற்றவருக்கு நட்டம் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி 'ஒத்தையா ரெட்டையா' கேட்கும் விளையாட்டு மட்டும் ஓரளவு சரியாகப் பொருந்தியது, ஏனென்றால் ஒற்றையைவிட இரட்டை உயர்ந்தது என்று யாரும் நினைப்பதில்லை. எந்தப் பிரிவு நல்லது என்று மருத்துவருக்கே தெரியாது, தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை என்ற வாக்கியத்தை அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'சோதனை எலி' என்ற சொல் எழும்போது கோபப்படாதீர்கள். இந்தியாவில் ஒப்புதல் சரியாகப் பெறாமல் நடந்த ஆய்வுகள் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது, அதன் பிறகே விதிகள் இறுகின. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், புரியும் மொழியில் ஒப்புதல், நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை ஆகியவற்றை உறுதி செய்கின்றன. எந்த ஆய்வும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லிக் கொடுப்பதே உங்கள் சங்கம் செய்யக்கூடிய முதல் தொண்டு.

அவநம்பிக்கைக்கு அருகில் வைத்துச் சொல்ல நம்மிடம் ஓர் உண்மைக் கதையும் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் மருத்துவ இல்லத்திலும் மற்றவர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தும் ஒரே மருந்தை எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்களுடைய குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் முடிவு வெளிவந்த பின் உலகெங்கும் காசநோயாளிகளை மாதக்கணக்கில் இல்லங்களில் அடைத்து வைக்கும் வழக்கம் படிப்படியாக ஒழிந்தது. இன்று சிவகங்கை மாவட்டத்தில் ஒரு காசநோயாளி தன் வீட்டிலேயே மாத்திரை விழுங்கிக் குணமடைய முடிவது, பெயர் தெரியாத அந்தத் தமிழ்க் குடும்பங்கள் சம்மதித்ததால்தான். இதை உங்கள் கூட்டத்தில் சொல்லுங்கள். அதே மூச்சில், ஆய்வில் சேருபவருக்கு நன்மை கிடைக்கும் என்று யாரும் வாக்குத் தர முடியாது என்பதையும் சொல்லுங்கள்.

செயலில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஏதேனும் ஓர் ஆய்வின் தமிழ் ஒப்புதல் படிவத்தை வாங்கி, பள்ளிப்படிப்பு அதிகமில்லாத இரண்டு ஆச்சிமாரிடம் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு, கேட்டதை அவர்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே தடுக்கி நிற்கிறார்களோ அந்த வரிகளைக் குறித்து, படிவத்தை எழுதியவர்களுக்கே அனுப்பி வையுங்கள். உறுப்புக் கொடைத் துண்டறிக்கையின் அடுத்த பதிப்பையும் அச்சுக்குக் கொடுக்குமுன் அதே இருவரிடம் வாசியுங்கள். வரைவை எனக்கு அனுப்பினால், மூளைச்சாவு பற்றிய பகுதியை நான் திருத்தித் தருகிறேன்.